இடது மூலைப் பட்டன்

எனக்குப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நடுவுல யாரும் சிரிக்கக் கூடாது. நான் வேலை பார்க்கிறது குளிர் கிடங்குல. மீன், கோழி, பட்டாணி, ஐஸ்கிரீம்னு உறைஞ்ச சாமான் எல்லாம் லாரியில வரும். அறைக்குள்ள அடுக்கணும், கேட்கிறப்போ எடுத்துக் கொடுக்கணும். உள்ளே போனா மூக்குக்குள்ள இருக்கிற முடி விறைச்சுக்கும், இமையில பனி பிடிக்கும். ரெண்டு ஜோடி கையுறை, முழங்கால் வரைக்கும் கோட்டு, குல்லா, பூட்ஸ். அந்தக் கோலத்துல எங்களைப் பார்த்தா பேயே தலைதெறிக்க ஓடிடும்.

அந்தக் கையுறையைப் போட்டுக்கிட்டு நுணுக்கமா ஒரு வேலையும் செய்ய முடியாது, பட்டன் அமுக்கறதைத் தவிர. அதனாலதான் எங்க எல்லார்கிட்டயும் அந்தப் போன். செங்கல் கனம். சுத்தி ரப்பர், மேலே கொஞ்சம் திரை, கீழே எழுத்துப் பட்டன் வரிசை வரிசையா. அடுக்கு உச்சியிலேருந்து விழுந்தா தரைக்குத்தான் அடி படும். ஒருத்தன் மீன் கழுவுற தொட்டியில போட்டுட்டு மறுநாள் எடுத்தான், அலாரம் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கடையில போய் இந்த மாதிரி வேணும்னு கேட்டா, இந்தக் காலத்துல இதையா வாங்கறீங்கன்னு ஒரு பார்வை பார்ப்பாங்க. பார்த்துட்டு உள்ளேருந்து எடுத்தும் கொடுப்பாங்க. எங்களை மாதிரி ஆளுங்க வந்துக்கிட்டே இருக்கோமே. படகுக்காரங்க, சுரங்கத்துல இறங்குறவங்க, கையில கிரீஸ் காயாத மெக்கானிக்குங்க. பட்டன் அமுங்கினா விரலுக்குத் தெரியும். கண்ணு வேண்டாம். அந்த ஒரு சுகத்துக்காகத்தான்.

எங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. அறைக்குள்ள தனியா போறவங்களுக்கு வெளியே ஒரு ஜோடி இருக்கணும். உள்ளே இருக்கிறவங்க அப்பப்போ கோட்டுப் பையில கையை விட்டு, பார்க்காமலே, மூலையில இருக்கிற பட்டனை அழுத்திப் பிடிப்பாங்க. எழுத்தே இல்லாத ஒரு வெத்து மெசேஜ் போகும். ஜோடியோட போன் ஒரு தடவை அதிரும். அவங்க திருப்பி அமுக்குவாங்க, நம்ம போன் அதிரும். இதுக்குப் பேரு மூச்சு. மூச்சு விட்டியா, மூச்சு வந்துச்சான்னுதான் எங்க பேச்சு. மூச்சு வரலைன்னா கதவைத் திற. இதை யாரும் எழுதி ஒட்டினதில்லை, ஆனா எல்லாரும் இதை நம்பித்தான் உள்ளே போவோம்.

என் ஜோடி என் தம்பி. கூடப் பிறந்தவன், நான் அவனுக்கு அக்கா. நான்தான் அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன். என் போன்ல இடது மூலைப் பட்டன் அவனுக்கு, அவன் போன்ல இடது மூலை எனக்கு. நான் ஒரு மூச்சு விட்டா அவன் ரெண்டு விடுவான். ஏன்டா, பேட்டரி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தான்னு கேட்டா, உன் அப்பன் யாராம்னு கேட்பான். அப்புறம் சொல்லுவான், ஒண்ணு வந்துச்சுங்கிறதுக்கு, இன்னொண்ணு சீக்கிரம் வெளியே வாங்கிறதுக்குன்னு. அவ்வளவு சோம்பேறி, காலையில நான் தண்ணி தெளிச்சு எழுப்பினாத்தான் எந்திரிப்பான், ஆனா அந்த ரெண்டாவது மூச்சை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

அப்புறம்தான் கண்ணாடிப் போன் வந்துச்சு.

கொண்டு வந்தவர் சூப்பர்வைசர். அவருக்கு நாங்க வெச்ச பேரு ரூல்ஸ். கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன், ஆனா மேலேருந்து ஒரு காகிதம் வந்தா அதைக் கண்ணுல ஒத்திக்கிற ஆளு. ஆளுக்கொரு புதுப் போன், முழுக்கத் திரை, அதுல கம்பெனி ஆப். லாரி மேடைக்கு எதிர்ச் சுவர்ல ஒரு பெரிய திரையும் மாட்டினாங்க. எல்லார் பேரும் அதுல இருக்கும், பேருக்குப் பக்கத்துல ஒரு புள்ளி. பச்சைன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். இனிமே நீங்க எதையும் அமுக்கவே வேண்டாம், போனே தானா சொல்லிக்கும்னாரு ரூல்ஸ். போன் நல்லா இருக்குன்னு சொல்லுமா, நான் நல்லா இருக்கேன்னு சொல்லுமான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு.

முதல்ல கொடுத்த ஆளுங்கள்ல என் தம்பியும் ஒருத்தன். பழைய போனை வீட்ல போட்டுட்டுப் புதுசை மார்ப்புப் பையில மாட்டிக்கிட்டு வந்தான். கொஞ்ச நாள்லயே மூணாம் அறையில, கடைசி வரிசையில, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்திருக்கான். நான் அன்னிக்கு லாரி மேடையில இருந்தேன். எதிர்ல திரை. அவன் பேருக்குப் பக்கத்துல பச்சை. இவனுக்கு வாங்கி வெச்ச டீ ஆறிப் போகுதே, இன்னும் உள்ளே என்ன பண்றான்னு திட்டிக்கிட்டு இருந்தேன். அவனைத் தூக்கிட்டு வந்து வெளியே படுக்க வெச்சப்புறமும் அந்தப் புள்ளி பச்சையாவே இருந்துச்சு. யாரோ அவன் பையிலேருந்து போனை எடுத்து அணைச்சாங்க. அதுக்கப்புறம்தான் திரையில அவன் செத்தான்.

நெஞ்சுவலிக்குப் போன் என்ன பண்ணும்னு கம்பெனியில சொன்னாங்க. சரி, என்ன பண்ணும். ஆனா மூச்சு நின்ன உடனே கதவு திறந்திருக்குமே.

துக்க வீட்ல தம்பி பொண்டாட்டி எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்டா, பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கிட்டு நின்னீங்களே அண்ணின்னு. எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வருமே. எனக்கு மட்டும் அவன் யாருடின்னு ஆரம்பிச்சு, சொல்லக் கூடாதது எல்லாம் சொன்னேன், அவளும் குறைச்சலா பேசலை. அன்னிக்கே எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை நின்னு போச்சு. அவ வீடு கிடங்குக்குப் பின்பக்கத் தெரு. தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் வேலைக்கு வரேன். அவ ஜன்னல்ல நின்னா நான் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கிட்டு நடப்பேன்.

எனக்குப் புது ஜோடி போட்டாங்க. எந்நேரமும் வாயைப் பிளக்கிற ஆளு, அதனால கொட்டாவின்னு கூப்பிடுவோம். அதுக்குள்ள எல்லாருக்கும் கண்ணாடிப் போன் வந்தாச்சு. ஆனா தம்பி போனதுக்கப்புறம் யாரும் பழைய போனை விடலை. மார்ப்புல கண்ணாடி, உள்பையில செங்கல். ரூல்ஸும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாரு. கொட்டாவிக்கு நான் வலது மூலைப் பட்டனை வெச்சேன். இடதை மாத்த மனசு வரலை.

ஒரு நாள் மூணாம் அறையில பட்டாணிப் பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தேன். கை தானா பைக்குள்ள போச்சு, கட்டை விரல் பழக்க தோஷத்துல இடது மூலையை அமுக்கிடுச்சு. அடடா, செத்தவனுக்கு மூச்சு விட்டுட்டேனேன்னு நினைச்சேன். பெட்டி மேல கையை ஊனிக்கிட்டு நின்னேன்.

போன் அதிர்ந்துச்சு. உடனே இன்னொரு தடவை அதிர்ந்துச்சு.

கை வண்டியை அங்கேயே விட்டுட்டு வெளியே ஓடி வந்தேன். பேயறைஞ்ச மாதிரி இருக்கியே அக்கான்னான் கொட்டாவி. உன் மூஞ்சியைத் திடீர்னு பார்த்தா அப்படித்தான்டா இருக்கும்னு சமாளிச்சேன். போனை எடுத்துப் பார்த்தேன். தம்பி பேரு. எழுத்தே இல்லாத ரெண்டு மெசேஜ்.

கேட்க வேண்டியது யாரைன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் போன் அவன் வீட்லதான் இருக்கு, பின்பக்கத் தெருவுல. பட்டன்னா ஒரு விரல் அமுக்கினாத்தான் அமுங்கும், கண்ணாடிப் போன் மாதிரி தானா பேசாது. போய் ஒரு வார்த்தை கேட்டா தெரிஞ்சுடும். தெரிஞ்சா முடிஞ்சு போச்சு. அதனால நான் போகலை. மறுநாள் மறுபடியும் மூணாம் அறைக்குள்ள போய் அமுக்கினேன். ரெண்டு வந்துச்சு. அதுக்கு மறுநாளும் வந்துச்சு.

அப்புறம் எனக்கு வேற நினைப்பே இல்லை. வேற யாருக்காவது மூணாம் அறை வேலை வந்தா நான் பிடுங்கிக்குவேன். உள்ளே போய் அமுக்குவேன், ரெண்டு அதிர்வு வரும், பேச ஆரம்பிச்சுடுவேன். டேய், உன் சைக்கிள் துருப்பிடிச்சுக் கிடக்குது. டேய், உன் பொண்டாட்டி இளைச்சுப் போயிட்டா, நான் அவளோட பேசறதில்லை, ஆனா பார்த்தேன். வாயிலேருந்து புகை புகையா வரும், அந்தப் புகைக்கு எதிர்ல அவன் நிக்கிற மாதிரியே இருக்கும். இருக்க வேண்டிய நேரத்துக்கு மேல இருப்பேன். உள்ளே குடித்தனம் நடத்தறியா அக்கான்னு கொட்டாவி கதவைத் தட்டுவான். வெளியே வந்தா எனக்குத்தான் குளிரும். அந்தப் போன் மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு சத்தியமா தெரியாது.

அப்போதான் மேலேருந்து இன்னொரு காகிதம் வந்துச்சு. சொந்தப் போன் எதுவும் அறைக்குள்ள போகக் கூடாது, வாசல்லயே போட்டுட்டுப் போகணும். ரூல்ஸ் ஒரு அட்டைப் பெட்டியோட உட்கார்ந்துட்டாரு. ஒவ்வொருத்தரா போட்டாங்க, கொட்டாவியும் போட்டான். என்கிட்ட வந்தப்போ, வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்னு பச்சைப் பொய் சொன்னேன். உள்பையில ஒளிச்சு வெச்சிருந்தேன். அதை அந்தப் பெட்டியில போட்டா என் தம்பி ரெண்டாவது தடவை சாவான். அதுக்கு நான் இந்த வேலையையே விட்டுடுவேன்.

நேரா மூணாம் அறைக்குத்தான் போனேன். கடைசி வரிசையில மீன் பெட்டியை இழுக்கறப்போ மேல் அடுக்கு சரிஞ்சுது. தலையில விழலை. காலோட என்னை அடுக்குக்கும் சுவருக்கும் நடுவுல போட்டு அமுக்கிடுச்சு. கத்தினேன். கடைசி வரிசையிலேருந்து கத்தினா அந்தக் கதவுக்கு வெளியே கேட்காது. மார்ப்புப் பையிலேருந்து கண்ணாடிப் போனை எடுத்துத் தேய்ச்சேன், கையுறைக்கு அது மசியலை. கையுறையைக் கடிச்சுக் கழட்டினேன். அதுக்குள்ள திரை பூராவும் பனி, துடைக்கத் துடைக்க விரல் மரத்துப் போச்சு. பனிக்கு அடியில என் பேரு தெரிஞ்சுது, பக்கத்துல அழகா ஒரு பச்சைப் புள்ளி. நான் நல்லா இருக்கேன்னு அது வெளியே சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

சனியனேன்னு அதைத் தூக்கி எறிஞ்சுட்டு, கையுறையை மறுபடி மாட்டி, செங்கலைத் தேடினேன். வலது மூலை, கொட்டாவி. அமுக்கினேன். பதில் இல்லை. மறுபடி மறுபடி அமுக்கினேன். அப்புறம்தான் மண்டையில உறைச்சுது. கொட்டாவி போன் வாசல்ல அட்டைப் பெட்டிக்குள்ள கிடக்கு. என் மூச்சு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள போய் அதிர்ந்துக்கிட்டு இருக்கு.

மிச்சம் இருந்தது இடது மூலைதான். அமுக்கினேன். ரெண்டு வந்துச்சு. டேய், கால் மாட்டிக்கிச்சுடான்னேன். அமுக்கினேன், ரெண்டு. நான் விடாம அமுக்கிக்கிட்டே இருந்தேன், அதுவும் விடாம வந்துச்சு. கொஞ்ச நேரத்துல கால் வலி போயிடுச்சு. வலி போறது நல்லதுக்கில்லைன்னு எங்க வேலையில எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆனா தூக்கம் அவ்வளவு இதமா வந்துச்சு. இங்கேதானே அவனும் படுத்திருந்தான், அதே வரிசைதானேன்னு நினைச்சேன். கட்டை விரல் பட்டனை விட்டு நழுவிடுச்சு. நான் அதைத் திரும்ப வைக்கலை.

போன் அதிர்ந்துச்சு. ரெண்டு தடவை. நான் அமுக்கவே இல்லை. கண்ணைத் திறந்தேன். மறுபடி மூடினேன். திரும்பவும் ரெண்டு. சும்மா இருடான்னு முனகினேன். விடலை அவன். கண்ணு சொருகற ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்கு மேலேயே ரெண்டு இடி. தூங்கறவனைத் தண்ணி தெளிச்சு எழுப்பினேனே, அதுக்கெல்லாம் சேர்த்து வெச்சுப் பழி வாங்கினான். அப்படியே இழுத்துக்கிட்டுக் கிடந்தேன், கதவு திறக்கற வரைக்கும்.

கதவு எப்படித் திறந்துச்சுன்னு கொட்டாவி பின்னாடி சொன்னான். தம்பி பொண்டாட்டி கால்ல செருப்புகூட இல்லாம வாசலுக்கு ஓடி வந்திருக்கா. மூணாம் அறையைத் திறங்கன்னு கத்தியிருக்கா. ரூல்ஸ் திரையைக் காட்டி, உங்க அண்ணி நல்லாத்தான்மா இருக்காங்க, பச்சையா இருக்குது பாருங்கன்னாராம்.

அதுக்கு இவ சொன்னது: "பச்சையைப் பார்த்து நான் ஒருத்தரைப் பறிகொடுத்தாச்சு. கதவைத் திறங்க."

கொட்டாவிக்கு அப்போதான் அட்டைப் பெட்டி ஞாபகம் வந்து குனிஞ்சு பார்த்திருக்கான். அவன் போன்ல வரிசையா என் மூச்சு. அதுக்கு மேல அவன் யாரையும் கேட்கலை.

ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ கட்டில் பக்கத்துல அவதான் உட்கார்ந்திருந்தா. கால்ல கட்டு, விரல் எல்லாம் பஞ்சு சுத்தியிருந்தாங்க. வெந்நீரை ஸ்பூன்ல எடுத்துக் கொடுத்தா. கடைசியில நான்தான் கேட்டேன், "நீதானா?"

"நான்தான் அண்ணி." தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவன் போனை ஞாபகத்துக்குச் சார்ஜ் போட்டே வெச்சிருந்திருக்கா; ஒரு நாள் சமையல் அறையில அது திடீர்னு அதிர்ந்துச்சாம். பார்த்தா என் பேரு. என்னோட பேச முடியாது, ஆனா பதில் போடாமலும் இருக்க முடியலையாம். அவன் அமுக்கி அமுக்கி அந்தப் பட்டன் நடுவுல குழிஞ்சு போயிருக்கு. அந்தக் குழியில விரலை வெச்சா அவன் விரலைத் தொட்ட மாதிரி இருக்குமாம். தினமும் நான் வேலைக்குப் போற நேரத்துக்கு அதைப் பக்கத்துலயே வெச்சுக்குவாளாம். அன்னிக்கு மூச்சு கண்டபடி வந்து, அப்புறம் ஒரேயடியா நின்னு போனப்போ, அவன் விழுந்த அறையிலதான் நானும் விழுந்திருப்பேன்னு அவளுக்குப் புரிஞ்சுடுச்சு.

எனக்கு உயிர் வந்த சந்தோஷத்தைவிட, அப்போ அது அவன் இல்லையாங்கிறதுதான் பெரிசா வலிச்சுது. சுவர்ப் பக்கம் திரும்பி நல்லா அழுதேன். அழுது முடிச்சுட்டு, எப்படியோ என் தம்பி வழக்கத்தையே கெட்டியா பிடிச்சு ரெண்டு ரெண்டா அனுப்பினியே, அது உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். ஒண்ணு வந்துச்சுங்கிறதுக்கு, ரெண்டாவது வெளியே வாங்கிறதுக்குன்னு அவன் சொன்னதையும் சொன்னேன்.

அவ முழிச்சா. "நான் ஒண்ணுதான் அண்ணி அமுக்குவேன்."

எனக்கு ரெண்டு வரும்னேன். ஒண்ணுதான்னு சத்தியம் பண்ணா. சரி, பழைய பட்டன், துள்ளி ரெண்டா போயிருக்கும்னு நானே சமாதானம் சொன்னேன். எப்படியோ, நான் அமுக்கறதை நிறுத்தினப்புறமும் நீ விடாம அமுக்கி என்னை முழிக்க வெச்சியே, அதுக்கு உனக்குக் கோடி புண்ணியம்னேன்.

அவ ஸ்பூனைக் கீழே வெச்சா. "நான் எங்கே அண்ணி அமுக்கினேன்? உங்க மூச்சு நின்ன உடனே போனை அடுப்பு மேடையிலயே போட்டுட்டு ஓடி வந்துட்டேன். வீட்ல யாரும் இல்லை. கதவுகூட சாத்தலை."

போர்வையை என் கால் மேல இழுத்து விட்டா. அப்புறம் மெல்லமா சொன்னா, "எனக்கு ஒரு தடவைகூட வரலையே அண்ணி. தினமும் அந்தப் போனைத் தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டுத்தான் படுக்கிறேன். வீட்டுக்கு வரத் தெரியலையா அவருக்கு?"

என் தம்பி மேலேயே எனக்குக் கோபம் வந்துச்சு.

கால் சரியாகி வேலைக்குத் திரும்பினப்போ அட்டைப் பெட்டி காலியா இருந்துச்சு. எல்லாரும் அவங்கவங்க போனை எடுத்துக்கிட்டாங்க, ரூல்ஸ் ஒண்ணும் சொல்லலையாம். ஒரு மத்தியானம் அவளை வரச் சொன்னேன். என் பழைய கோட்டை மாட்டி, குல்லாவைக் காது வரைக்கும் இழுத்து விட்டு, ரெண்டு ஜோடி கையுறை போட்டு விட்டேன். தம்பி போனை உள்பையில வெச்சேன். ரூல்ஸ் அந்தப் பக்கமா வந்தாரு, எங்களைப் பார்த்தாரு, ஏதோ மறந்துட்ட மாதிரி திரும்பிப் போயிட்டாரு. உள்ளே போய்க் கடைசி வரிசையில நில்லு, இடது மூலையை ஒரு தடவை அழுத்திப் பிடி, நான் ஒரே ஒரு தடவைதான் பதில் போடுவேன்னு சொல்லி அனுப்பினேன். கொட்டாவி கதவுப் பிடியிலேருந்து கையை எடுக்கவே இல்லை.

என் போன் அதிர்ந்துச்சு. ஒண்ணு. சாட்சிக்குக் கொட்டாவி கண்ணு முன்னாடியே போனை நீட்டி, இடது மூலைப் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கி விரலை எடுத்துட்டேன். அவன் அன்னிக்குக் கொட்டாவி விடலை.

கதவை உள்ளேருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சு. திறந்தோம். இமையில எல்லாம் பனி பிடிச்சு, கண்ணீர் பாதி கன்னத்துலயே உறைஞ்சு போய் நின்னா. எத்தனைன்னு நான் கேட்கலை. அவளாவே கையுறையைக் கழட்டாம ரெண்டு விரலைக் காட்டினா.

"வெளியே போகச் சொல்றார் அண்ணி."